தண்ணீர் ஊற்றினால் தீருமா? – கொதிக்கும் உந்துகளும் நம் தோட்டத்து வரலாறும்

 

போர்டிக்சன் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் உள்ளூர் வரலாறு பற்றி இடுபணி கொடுத்தால், மாணவர்கள் எழுதிக் கொண்டுவருவன பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கடற்கரை, தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம், பழைய இரயில் பாதை, பால்மரம், தோட்டத்துக் கோயில். இவையெல்லாம் எழுதப்பட வேண்டியவைதாம். ஆனால், தோட்டத்தில் ஓடிய இயந்திரங்களைப் பற்றியும் அவற்றை ஓட்டிய, பழுதுபார்த்த நம்மவர்களைப் பற்றியும் எழுதிய ஒரு மாணவரை நான் இதுவரை கண்டதில்லை. பால் வெட்டியவர்களாகவே நம் முன்னோரை நாம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தி வந்திருக்கிறோம்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு அந்த வரலாற்றின் ஒரு பகுதியைச் சொல்ல விழைகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் உந்தின் இயந்திரம் ஏன் கொதிக்கிறது? அதை எப்படிக் கண்டறிந்து சரிசெய்வது? இந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படும் விடை, 'தண்ணீர் ஊற்று' என்பதே. அந்த விடை ஒரு காலத்தில் சரியானதாக இருந்தது. இன்று அது இயந்திரத்தையும் கெடுக்கிறது. சில வேளைகளில் மனிதரையும் சுட்டுவிடுகிறது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதுதான் நான் சொல்லப்போகும் வரலாறு.

நீராவி வண்டி கற்பித்த முதற்பாடம்

போர்டிக்சனுக்குப் பழைய பெயர் ஆராங். மலாய் மொழியில் ஆராங் என்றால் கரி. இந்தச் சிறு துறைமுகத்தையும் சிரம்பானையும் இணைத்துச் சுங்கை ஊஜோங் இரயில் பாதை 1891ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஒரு தனியார் நிறுவனம் நடத்திற்று. 1908இல்தான் அது அரசாங்க இரயில்வேயுடன் சேர்ந்தது. இந்த வட்டாரத்து மக்கள் கண்ட முதல் பெரிய ஊர்தி இயந்திரம், அப்பாதையில் புகை கக்கி ஓடிய நீராவி வண்டியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நீராவி வண்டியில் தண்ணீர் கொதிப்பது பழுதன்று. அதுதான் அதன் வேலை. தண்ணீர் குறைவதுதான் பேராபத்து. நெருப்புப் பெட்டியின் மேற்கூரையை எப்போதும் தண்ணீர் மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டால் அந்த இரும்புத் தகடு பழுக்கக் காய்ந்து வலுவிழக்கும், கொதிகலன் வெடித்துவிடும். இதைத் தடுக்க இங்கிலாந்தின் ரிச்சர்ட் டிரெவிதிக் 1803ஆம் ஆண்டில் ஓர் எளிய வழியைக் கண்டார். நெருப்புப் பெட்டியின் கூரையில் ஒரு துளையிட்டு, அதை ஈயத்தால் அடைத்துவைத்தார். தண்ணீர் மட்டம் இறங்கினால் ஈயம் உருகும். நீராவி பீறிட்டு நெருப்பின்மேல் பாயும். ஓட்டுநர் எச்சரிக்கை பெறுவார். பின்னாளில் நீராவி வண்டிகளில் இந்த ஈய அடைப்பு பொதுவான பாதுகாப்புக் கருவியாயிற்று. வெப்பம் எல்லை மீறியதை இயந்திரமே மனிதனுக்குச் சொல்லும் ஏற்பாடுகளுள் இது மிகப் பழையது. இன்று நம் மகிழுந்தின் முகப்பில் எரியும் சிவப்பு விளக்கு அதன் வழித்தோன்றல் என்று சொல்லலாம்.

உந்து வந்தது, பால்மரம் வந்தது

1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் இலண்டனுக்கு அனுப்பிய ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளில் ஒரு சிறு பகுதியே முளைத்தது. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைச் செப்பனிட்டார். காப்பி விலை வீழ்ந்து துவண்டிருந்த தோட்ட முதலாளிகள் பையப் பையப் பால்மரத்துக்கு மாறினர். 1908இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' உந்து வெளிவந்தது. உலகமெங்கும் சக்கர இரப்பருக்குத் தேவை பெருகிற்று. 1910இல் இரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. நெகிரி செம்பிலான் காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து நம் மக்கள் கங்காணிகள் வழியாகக் கப்பலேறி வந்தனர். பிள்ளைகள் பெருகிய தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று 1912இல் தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியது. நாம் பணியாற்றும் பள்ளிகள் பலவற்றின் தோற்றம் அங்கேதான் இருக்கிறது.

ஆக, உந்து இல்லையேல் இரப்பர்த் தோட்டம் இந்த அளவுக்கு வளர்ந்திராது. தோட்டம் இல்லையேல் இங்கே நம் பள்ளியும் இல்லை. உந்து இயந்திரத்தின் வரலாறு நமக்கு அயலானதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பெர்த்தா பென்ஸ் அம்மையாரும் வழியோரத் தண்ணீரும்

உந்து இயந்திரத்தின் உருளைக்குள் எரிபொருள் எரியும்போது வெப்பம் 2000 பாகை செல்சியசையும் தாண்டும். அதன் உலோகங்களோ அதில் பாதியைக்கூடத் தாங்கா. அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றப் பயன்படும். ஒரு பங்கு புகையோடு போகும். எஞ்சிய பங்கை எப்படியாவது வெளியேற்றியாக வேண்டும். அந்த வேலையைத்தான் தண்ணீர் செய்கிறது.

கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர உந்தில் ரேடியேட்டர் கிடையாது. உருளையைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். போகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். அவ்வளவுதான். 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். உலகின் முதல் நெடுந்தொலைவு உந்துப் பயணம் அது. எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தடைக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தொழிலாளியிடம் தோல் வாங்கிப் பொருத்தினார். தண்ணீரையோ வழி நெடுகக் கிடைத்த இடங்களிலெல்லாம் ஊற்றிக்கொண்டே போனார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் தண்ணீர் ஊற்றியது பழுதுபார்ப்பதற்காக அன்று. தண்ணீர் தீர்வது அந்த இயந்திரத்தின் இயல்பு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல வண்டிக்கும் காட்ட வேண்டியிருந்தது.

பின்னர் வில்ஹெல்ம் மைபாக் இந்த நிலையை மாற்றினார். 1900 - 1901இல் அவர் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் உந்தில் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் பொருத்தப்பட்டது. 6 மில்லிமீட்டர் சதுரமுள்ள 8,070 சிறு குழாய்களைச் சேர்த்து அதை அமைத்திருந்தார்கள். குழாய்களின் ஊடே காற்று போகும்; குழாய்களுக்கிடையே தண்ணீர் ஓடும். ஏறத்தாழ ஒன்பது லிட்டர் தண்ணீரே அந்தப் பெரிய இயந்திரத்துக்குப் போதுமானதாயிற்று. கொதித்துத் தொலைந்துகொண்டிருந்த தண்ணீர், சூடாகிக் குளிர்ந்து மீண்டும் இயந்திரத்துக்கே திரும்பிச் சுற்றத் தொடங்கியது. இன்றைய உந்துகள் அனைத்திலும் உள்ள அடிப்படை இதுதான்.

வாளிப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஃபோர்டின் 'மாடல் டி' உந்தில், முதலில் வெளிவந்த ஏறத்தாழ 2,500 உந்துகள் நீங்கலாக, தண்ணீர்ப் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் இலேசானது, மேலே ஏறும். குளிர்ந்த தண்ணீர் கனமானது, கீழே இறங்கும். இந்த இயற்கை ஓட்டத்தை மட்டுமே நம்பி அதன் இயந்திரம் குளிர்ந்தது. அம்முறை எளிமையானது, கெட்டுப்போகப் பம்பும் இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு. ரேடியேட்டரின் தண்ணீர் மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே சிறிது இறங்கினாலும் சுற்றோட்டம் நின்றுபோகும். உள்ளே முக்கால் பங்குத் தண்ணீர் இருந்தாலும் இயந்திரம் கொதிக்கும்.

ஆகவே அந்தக் காலத்து ஓட்டுநர், காலையில் வண்டியைக் கிளப்புமுன் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்தார். வண்டியில் எப்போதும் ஒரு தகரத்தில் தண்ணீர் வைத்திருந்தார். மேடேறி நின்றதும் மீண்டும் ஊற்றினார். மூடி வெறும் மூடியாகவே இருந்தது; உள்ளே அழுத்தம் இல்லை. ஆவியாகித் தண்ணீர் குறைவது இயல்பு. ஊற்றியது அறிவுடைமை.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் பேசக் கேட்டதில், அவர்கள் காலத்து லோரி ஓட்டுநருக்கும் டிராக்டர் ஓட்டுநருக்கும் இருந்த முதல் ஒழுக்கம் இந்தத் தண்ணீர் பார்ப்பதுதான். பால் பதனிடும் ஸ்டோரிலும் அப்படியே. இரப்பர்த் தகடுகளைப் பிழியும் உருளைகளைச் சுழற்றிய எண்ணெய் இயந்திரத்துக்கு அருகில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர், வெளிவரும் தண்ணீரில் கைவைத்துச் சூட்டை அறிவார். கை பொறுக்கும் சூடு சரி. பொறுக்காவிட்டால் எங்கோ தடை. வெப்பமானி இல்லாத இடத்தில் உள்ளங்கையே வெப்பமானி. எழுதப்படிக்க அதிகம் அறியாத ஒருவர் பல ஆண்டுப் பழக்கத்தால் பெற்ற அறிவு இது. எந்தப் பாடநூலிலும் இது ஏறவில்லை.

போர்க்காலமும் கரி வண்டியும்

1942இல் சப்பானியர் ஆட்சி தொடங்கியபின் பெட்ரோல் அரிதாயிற்று. உந்துகளின் பின்புறத்தில் உலை பொருத்தி, மரக்கரியை அரைகுறையாக எரித்து, அதில் எழும் வாயுவால் இயந்திரத்தை ஓட்டினார்கள். இரப்பரைக் காய்ச்சி வடித்து எரிபொருளாகவும் மசகெண்ணெயாகவும் பயன்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. அதே காலத்தில் மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமும் பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கரிவாயுக் கருவிகளைச் செய்து தந்தது. கரி என்றே பெயர்கொண்டிருந்த ஊரின் சாலைகளில் கரியால் வண்டிகள் ஓடிய காலம் அது.

கரிவாயு சூடாகவும் தூசியோடும் வரும். அதைக் குளிரவைத்து வடிகட்டிய பிறகே இயந்திரத்துக்குள் விட வேண்டும். பெட்ரோலில் கிடைத்த ஆற்றலும் அதில் கிடைக்காது. மேட்டில் வண்டி திணறும். வடிகட்டியைத் துப்புரவு செய்யாத ஓட்டுநர் பாதி வழியில் நிற்பார். பழுது எங்கே என்பதை உலை, குழாய், வடிகட்டி, இயந்திரம் என்று வரிசையாகத் தேடும் பழக்கத்தை இந்த இக்கட்டு ஓட்டுநர்களுக்குக் கற்பித்தது.

சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் தோட்ட மக்களின் துயரம் தனியே எழுதப்பட வேண்டியது. அதை இங்கு ஓரிரு வரிகளில் அடக்க நான் துணியவில்லை. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரித்தானியப் படைகள் மோரிப்பிலும் போர்டிக்சனிலும் கரையிறங்கின. மோரிப்பின் சேற்றில் படை உந்துகள் பல சிக்கிக்கொண்டன. பிறகு அமைதி திரும்பியது. தோட்டங்களுக்குப் புதிய லோரிகளும் டிராக்டர்களும் வந்தன. அந்த உந்துகளோடு ஒரு பெரிய மாற்றமும் வந்தது.

மூடி மாறியது; பொருளும் மாறியது

1930களிலேயே தோன்றி, போருக்குப்பின் எங்கும் பரவிய இரண்டு சிறு பொருள்கள் உண்டு.

ஒன்று, தெர்மோஸ்டேட். செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கிய மெழுகு வகைதான் இன்றும் பெரும்பாலும் பயன்படுகிறது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது அது தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறிக்கும். ஏறத்தாழ 80 முதல் 90 பாகைக்குள் அதிலுள்ள மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும்.

மற்றொன்று, அழுத்தமூடி. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். அழுத்தத்தை ஏறத்தாழ ஒரு பார் கூட்டினால் 120 பாகையில்தான் கொதிக்கும். நம் அடுக்களையில் உள்ள அழுத்தக்குக்கரின் தத்துவமே இது. ரேடியேட்டரின் மூடிக்குள் ஒரு சுருள்வில்லை வைத்து, இயந்திரத்தின் குளிர்ப்பு முறையையே குக்கராக மாற்றிவிட்டார்கள். மிகையாகும் தண்ணீர் பக்கத்திலுள்ள சிறு தொட்டிக்குப் போய், இயந்திரம் ஆறியதும் திரும்ப உறிஞ்சப்படும் ஏற்பாடும் பின்னர் வந்தது.

இதனால் விளைந்த மாற்றத்தை நாம் நன்றாக உணர வேண்டும். பழைய உந்தில் தண்ணீர் குறைவது இயல்பு. மூடிய, அழுத்தமுள்ள புதிய உந்தில் தண்ணீர் போக வழியே இல்லை. ஆகவே அடிக்கடி தண்ணீர் குறைந்தால் எங்கோ நோய் இருக்கிறது. 'தண்ணீர் ஊற்று' என்ற பழைய விடை இங்கே நோயை மறைக்கும் மருந்தாகிவிடுகிறது. காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நாள்தோறும் ஈரத்துணி மட்டும் போடுவதற்கு ஒப்பானது அது.

மூடியைத் திறக்கும் பழக்கமும் அப்படியே. 110 பாகையில் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் நீராவியாகச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும். அப்பா திறந்தார், தாத்தா திறந்தார் என்று பிள்ளைகள் பார்த்துப் பழகிய செயல் இது. தாத்தாவின் வண்டியில் அழுத்தமில்லை; இன்றைய வண்டியில் இருக்கிறது. வீட்டில் இதை ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள்.

'போமன்' எப்படிச் சிந்திக்கிறார்?

உந்து பழுதுபார்ப்பவரை இந்நாட்டில் 'போமன்' என்கிறோம். ஆங்கிலத்தின் ஃபோர்மன் என்ற சொல் மலாய் நாவில் அவ்வாறு உருமாறிற்று. நல்ல போமன் வாளியைத் தேடுவதில்லை. முதலில் கேள்வி கேட்கிறார். அவர் கேட்கும் முதற்கேள்வி, 'எப்போது கொதித்தது?' என்பது. அந்த ஒரு கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

1. நெரிசலில் நிற்கும்போது கொதித்து, ஓடும்போது தணிந்தால் விசிறியைப் பார்க்க வேண்டும். 1985இல் வந்த புரோட்டோன் சாகா போன்ற முன்சக்கர உந்துகளில் விசிறியை மின்மோட்டார் சுழற்றுகிறது. மோட்டார், ஃபியூஸ், ரிலே, வெப்பச் சுவிட்சு ஆகிய நான்கில் ஒன்று கெட்டிருக்கும். பழைய லோரிகளில் வார் தளர்ந்திருக்கும்.

2. விரைவுச்சாலையிலும் கெந்திங் போன்ற மலைச்சாலையிலும் கொதித்தால், காற்றுக்குக் குறைவில்லை; தண்ணீர் ஓட்டத்தில்தான் குறை. ரேடியேட்டருக்குள் துருவும் உப்பும் படிந்து அடைத்திருக்கலாம்; பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம்.

3. கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறி, மேற்குழாய் சூடாகவும் ரேடியேட்டர் குளிர்ந்தும் இருந்தால் தெர்மோஸ்டேட் திறக்கவில்லை.

4. தண்ணீர் தொடர்ந்து குறைந்து, தரையில் ஈரமும் இருந்தால் வெளிக்கசிவு. குழாய் முனை, பம்பின் அடி, ரேடியேட்டரின் ஓரம் ஆகிய இடங்களில் காய்ந்த நிறக்கறை காட்டிக்கொடுக்கும். மூடியின் இரப்பர் வளையம் கெட்டாலும் தண்ணீர் ஆவியாகிப் போகும். அந்த மூடி மிக மலிவானது, மிக எளிதில் மறக்கப்படுவது.

5. தரையில் ஈரமே இல்லாமல் தண்ணீர் குறைந்து, புகை வெண்மையாக வந்தாலும், எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருந்தாலும், தண்ணீரில் ஓயாது குமிழி எழுந்தாலும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள். இனி ஓட்டலாகாது. இயந்திரத் தலையைக் கழற்றி, தளம் வளைந்திருக்கிறதா என்று அளந்து, சமன்செய்து, புதிய கேஸ்கெட் போட வேண்டும்.

ஐந்தாவது நிலை பெரும்பாலும் முதல் நான்கைக் கவனியாமல் விட்டதன் விளைவு. அடியுடல் வார்ப்பிரும்பும் தலை அலுமினியமுமாக அமைந்த இயந்திரங்களில், இரண்டும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிகின்றன. அளவு மீறிக் கொதித்தால் தலை வளைகிறது. ஐம்பது ரிங்கிட்டில் முடியவேண்டிய வேலை ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்குப் போவது இப்படித்தான்.

வழியில் கொதித்துவிட்டால் செய்ய வேண்டியவை சில. குளிரூட்டியை அடைத்துவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். இயந்திரத்தை அணையுங்கள். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். மேற்குழாயைத் துணியோடு தொட்டுப் பார்த்து, சூடு அடங்கிய பிறகே மூடியைத் தொடுங்கள். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த தண்ணீரைத் திடீரென ஊற்றினால் உலோகம் விரிசல் காணும்.

நாட்டு வைத்தியங்கள்

ரேடியேட்டர் கசிந்தால் மஞ்சள்தூளைக் கொட்டும் வழக்கம் தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்களிடம் உண்டு. தூள் ஊறி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும்; வண்டி ஊர்போய்ச் சேரும். அவசரத்துக்கு அது கைகொடுக்கும். ஆனால் ஓட்டையை அடைக்கும் தூள், மெல்லிய குழாய்களையும் அடைக்கும் என்பதை மறக்கலாகாது.

நம் நாட்டில் வேறொரு வழக்கம் உண்டு. 'இங்கே பனியா பெய்கிறது? தெர்மோஸ்டேட் எதற்கு?' என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இயந்திரம் உரிய சூட்டை அடையாமலே ஓடும், எரிபொருள் கூடுதலாகும், தேய்மானமும் மிகும். சில இயந்திரங்களில் தண்ணீர் சுற்றுவழியிலேயே ஓடி, ரேடியேட்டருக்குப் போகாமல் கொதிப்பதும் உண்டு. வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவதும் அப்படியே. குளிர்நீர்க் கலவை பனிநாட்டுக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். அது துருவைத் தடுக்கிறது. கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது. நமக்கு வேண்டியவை இவ்விரண்டுந்தான்.

இரப்பர்க் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயந்திரத்தையும் ரேடியேட்டரையும் இணைக்கும் குழாய்கள் ஒரு காலத்தில் இயற்கை இரப்பரால் ஆனவை. சுவா பெத்தோங், தானா மேரா, சுங்காலா முதலிய தோட்டங்களில் வெட்டிய பாலும் எங்கோ ஓர் உந்தின் குழாயாகியிருக்கலாம். ஆனால் இயற்கை இரப்பர் வெப்பத்திலும் எண்ணெயிலும் நீண்டநாள் நிலைக்காது. உப்பி, மெலிந்து, வெடிக்கும். 1960களில் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை இரப்பர் வந்தபின் குளிர்நீர்க் குழாய்கள் பெரும்பாலும் அதற்கு மாறின. இயற்கை இரப்பர் இன்றும் தன் இடத்தைச் சக்கரங்களில் காத்துக்கொண்டிருக்கிறது; கனரக லோரிச் சக்கரங்களிலும் விமானச் சக்கரங்களிலும் அதை விலக்க முடியவில்லை.

அதே 1960களில் போர்டிக்சன் கடலோரத்தில் ஷெல், எஸ்ஸோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. எஸ்ஸோ ஆலை 2012இல் பெட்ரோன் வசமும், ஷெல் ஆலை 2016இல் ஹெங்யுவான் வசமும் போயின. பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புகளும் வந்தன. தோட்டத்துப் பட்டறைகள் மூடப்பட்டன. உள்ளங்கையால் சூடு பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

வகுப்பறைக்கும் வீட்டுக்கும்

பெற்றோர்களே, 'படிப்பு வராவிட்டால் பட்டறைக்குப் போ' என்ற சொல்லை நம் வீடுகளில் இன்னும் கேட்கிறேன். மேலே சொன்ன ஐந்து நிலைகளை மீண்டும் படித்துப் பாருங்கள். அறிகுறியைக் கவனித்தல், காரணங்களை ஊகித்தல், ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்குதல், முடிவுக்கு வருதல். நாம் அறிவியல் பாடத்தில் கற்பிக்கும் ஆய்வுத்திறன்கள் இவைதாமே? படிப்பு வராதவனுக்கு உரிய வேலையன்று இது. நன்றாகப் படிக்க வேண்டிய வேலை. போர்டிக்சனிலேயே பலதொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இயந்திரத்தில் நாட்டமுள்ள பிள்ளையைத் தாழ்வாக எண்ணாமல் அந்த வழியைக் காட்டுங்கள். மின்னுந்துகள் பெருகிவரும் இக்காலத்திலும் இவ்வறிவு வீண்போகாது. அவற்றின் மின்கலங்களும் சூடாகின்றன. பலவற்றில் அவற்றையும் நீர்மமே சுற்றிவந்து குளிர்விக்கிறது.

ஆசிரியர்களே, வகுப்பில் செய்யத்தக்க மூன்றைக் குறிப்பிடுகிறேன்.

1. சிறு குப்பியில் சாயம் கலந்த வெதுவெதுப்பான நீரை நிரப்பி, குளிர்நீர் உள்ள கண்ணாடித் தொட்டியின் அடியில் வையுங்கள். சாயநீர் மேலெழுவதை மாணவர்கள் காண்பார்கள். பம்பில்லாத 'மாடல் டி' எப்படி ஓடியது என்பது விளங்கிவிடும்.

2. அணைத்து ஆறிய 'கப்சாய்' மோட்டார் சைக்கிளைக் காட்டி, இதற்கு ரேடியேட்டர் எங்கே என்று கேளுங்கள். பழைய ஹோண்டா கப் போன்றவற்றின் உருளையைச் சுற்றியுள்ள உலோக மடிப்புகளை எண்ணச் சொல்லுங்கள். மடிப்புகள் ஏன் என்ற கேள்வியைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.

3. உள்ளூர் வரலாற்று இடுபணியில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: 'உன் குடும்பத்தில், அல்லது அண்டைவீட்டில், லோரியோ டிராக்டரோ ஸ்டோர் இயந்திரமோ இயக்கியவர் யார்? அது பழுதானால் அவர் என்ன செய்தார்?' விடையைத் தாத்தாக்களின் சொற்களிலேயே எழுதிவரச் சொல்லுங்கள்.

மூன்றாவதைக் காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டுகிறேன். நம் முன்னோர் பால் வெட்டினார்கள் என்பதை உலகம் அறியும். அந்தப் பாலை ஏற்றிச்சென்ற வண்டி நடுவழியில் கொதித்து நின்றபோது, கீழே இறங்கி, கைவைத்துப் பார்த்து, காரணம் கண்டு, மீண்டும் ஓடவைத்தவர்களும் அவர்களே. அதை எழுதிவைக்கும் பொறுப்பு நம்முடையது.

உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ இத்தகைய பெரியவர் இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு எழுதி எனக்கும் தெரிவியுங்கள். மாணவர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.